சீர்த்தட்டில் பாதிக் கம்பெனி

இதில் நடுவில் வரும் ஒரு பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணா. மண்டபத்தில் நடந்தது முழுக்கக் கோகிலவாணி அக்கா சொல்லிக் கேட்டது. பாதி அழுகையில் சொன்னார், அதனால் முன்பின்னாக இருக்கலாம். மற்றதெல்லாம் இந்த ஆபீஸில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த பெஞ்சில் நடந்தது. அதற்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால், சரியாகச் சொல்வதற்குப் பொறுப்பு.

ஆடிட்டர் சார் வர இன்னும் நேரமாகும். திருச்செங்கோட்டில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போயிருக்கிறார். ஃபேன் காற்று வராவிட்டால் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள்.

சின்னத் தொழிலைக் கம்பெனியாக்க என்ன செய்யணும் என்று கேட்டீர்கள். அது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே ஆள் வைத்தும் ஒரு வகைக் கம்பெனி உண்டு. ஆனால் பெரிய ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்பது பிரைவேட் லிமிடெட். அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இருவரும் டைரக்டர், இருவருக்கும் ஷேர். ஆதார், பான், போட்டோ, தொழில் நடக்கும் இடத்தின் கரண்ட் பில். வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட பென்டிரைவ் மாதிரி ஒன்று வரும். அதை வாங்க செல்போன் கேமராவைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் சிரித்துவிடுகிறார்கள், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பிறகு கம்பெனிக்குப் பெயர். ஏற்கெனவே இன்னொருவர் வைத்திருக்கும் பெயராக இருக்கக் கூடாது. என்னென்ன தொழில் செய்யும், உள்ளே யார் எதை முடிவு செய்வது என்று இரண்டு ஆவணம். எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ் வந்துவிடும்.

அவ்வளவுதான். தொடங்குவது சுலபம். தம்பியைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னீர்களே, அதனால்தான் சென்னியப்பன் ஐயா ஞாபகம் வந்தது.

அவர் மோகனூர் ரோட்டில் முட்டை அட்டை போடுகிறவர். கடையில் முட்டையை அடுக்கி வைத்திருப்பார்களே, சாம்பல் நிறத்தில் குழி குழியாக, அதுதான். பழைய பேப்பரை ஊறவைத்து, கூழாக அரைத்து, அச்சில் பிடித்து, வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். நாமக்கல்லில் கோழி இருக்கிறவரைக்கும் எனக்குக் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்பார். மழைதான் எதிரி. ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு அட்டை காயாது. ஷெட்டில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வெளிநாட்டுக்கு முட்டை அனுப்புகிற ஒரு பெரிய நிறுவனம், வருஷம் முழுக்க உங்களிடம் அட்டை எடுத்துக்கொள்கிறோம் என்றது. ஆனால் தனி ஆள் பெயரில் வாங்க மாட்டோம், கம்பெனியாக வாருங்கள் என்றது. வருஷம் முழுக்க என்றால் மழையிலும் கொடுக்க வேண்டும். மழையில் கொடுக்க அட்டையை உலர்த்தும் மெஷின் வேண்டும். மெஷின் வாங்க பேங்க் லோன் வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் திரட்டி மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டு இங்கே வந்தார். ஆர்டரை நம்பி மெஷின், மெஷினை நம்பி லோன், லோனை நம்பிக் கம்பெனி. ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கோகிலவாணி அக்கா அவர் மனைவி. அவர்தான் இரண்டாவது டைரக்டர். யார் யாருக்கு எவ்வளவு ஷேர் என்று கேட்டேன்.

"எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. இதுல என்ன இருக்குது," என்றார் ஐயா.

"நெசமாத்தானுங்களா?" என்றார் அக்கா. "இத்தனை வருசத்துல ஒரு ஆப்பிள்ல பாதி குடுத்ததில்ல."

"நீ எப்ப ஆப்பிள் கேட்ட?"

"கேட்டாத்தான் குடுப்பாங்களாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறார். ஒரு எழுத்துப் பிசகினாலும் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் மூன்று தடவை பார்ப்பேன். இப்போதும் அப்படித்தான்.

கம்பெனி என்பது தனி ஆள் என்று அவர்களுக்கு விளக்கினேன். இதைக் கல்லூரியில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். "உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு மூணாவதா ஒருத்தர்னு வச்சுக்கங்க. சொத்து அவரோடது. கடன் அவரோடது. நீங்க போனாலும் அவர் இருப்பாருங்க."

"அப்ப ரேஷன் கார்டுல பேர் சேத்தணுமா?" என்றார் அக்கா.

ஐயா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "சாவே கெடையாதா அம்மிணி?"

"இல்லீங்க. நாமளா மூடுனாத்தான்."

"அட, நல்லதாப் போச்சு," என்றார். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சான்றிதழ் வந்தது. பிறகு ஷேர் சர்ட்டிபிகேட்டை நானே அச்சடித்துக் கொடுத்தேன். பச்சை பார்டர் போட்ட கெட்டித்தாள். இந்தக் கம்பெனியில் பாதி ஷேர் இவருக்கு என்று எழுதி, இரண்டு கையெழுத்து, கம்பெனி முத்திரை. ஐயா அதைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், பொங்கியண்ணன். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், அதுவும் ஒன்றிரண்டு இல்லை. காடு, வீடு எல்லாம் அண்ணன் பெயரில்தான். "எம்பேர்ல ஒரு பத்திரம்னு வந்தது இதுதான் கண்ணு," என்றார் ஐயா. மறுநாளே அதை லேமினேஷன் செய்துவிட்டார். அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் செய்த பிறகு சொல்லி என்ன பயன்?

கொஞ்ச நாள் கழித்து போன் செய்தார்.

"அம்மிணி, இந்த ஷேரை இன்னொருத்தருக்குக் குடுக்க முடியுமா?"

"முடியுமுங்க. விக்கலாம், தானமாவும் குடுக்கலாம்."

"சின்னப் புள்ளைக்கு?"

"பணம் முழுசாக் கட்டின ஷேர்னா மைனர் பேர்லயும் வைக்கலாமுங்க. அவங்க அப்பா கார்டியனா இருப்பாரு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பரீட்சையில் இதே கேள்வி வந்திருந்தது. யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரியவர்களிடம் ஏன் என்று கேட்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொன்னேன்.

இனிமேல் வருவதுதான் நான் பார்க்காதது.

ஐயாவுக்கும் பொங்கியண்ணனுக்கும் ஒரே தங்கச்சி, மலர்க்கொடி. அவர் மகள் தர்ஷனா ஏழாவது படிக்கிறாள். அவள் பெரியமனுஷியானதற்குத் திரட்டிச் சீர் வைத்தார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, தாய்மாமன் சீர்தான் அதில் முக்கியம். இரண்டு தாய்மாமன். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள்.

பொங்கியண்ணன் சீர் ஒரு டெம்போ நிறைய வந்ததாம். பித்தளைத் தட்டு வரிசையாக வந்துகொண்டே இருந்ததாம். கடைசியில் மாலை போட்ட ஒரு ஸ்கூட்டர். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஸ்கூட்டர். மைக் பிடித்திருந்தவர் அந்த ஸ்கூட்டரின் நிறத்தைக்கூட விடாமல் வாசித்தாராம்.

ஐயா கையில் அப்போது ஒன்றுமில்லை. எல்லாம் மெஷின் முன்பணத்தில் கிடந்தது. பட்டுப் புடவை, பழம், தேங்காய், பூ, அவ்வளவுதான் தட்டு. பந்தியில் யாரோ கேட்டார்களாம், "சின்ன மாமனுது பின்னால வருதா?" இன்னொருவர், "பொறுங்க, முட்டை அட்டை பத்துக் கட்டு எறக்கிட்டிருப்பான்," என்றாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் பொங்கியண்ணன் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அக்காவே சொன்னார். சிரிக்காமல் தம்பியைப் பார்த்தாராம். அது இன்னும் மோசமாக இருந்ததாம்.

ஐயா எழுந்துபோய் மைக்கைக் கையில் வாங்கினார். "முட்டை அட்டைக் கம்பெனியில என்னோட பாதிப் பங்கு, எம்மருமகளுக்குத் தாய்மாமன் சீர்," என்றார்.

மண்டபமே கை தட்டியதாம். மலர்க்கொடி அக்கா ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பாதிக் கம்பெனியைச் சீராக வைத்த மாமனை அந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

"அந்தத் தட்டு என் கையிலதான் அம்மிணி இருந்துச்சு," என்று கோகிலவாணி அக்கா என்னிடம் சொன்னார். "அந்தச் சர்ட்டிபிகேட்டை வெத்தலைக்கு அடியில வச்சிருக்காரு. நான் தூக்கிட்டு நிக்கறது என்னன்னு மைக்குல கேட்டுத்தான் எனக்கே தெரியும்."

நான் பார்க்காதது இதோடு முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஐயா வந்தார். தனியாக. டீ வாங்கி வரச் சொன்னார், வந்ததைக் குடிக்கவில்லை.

"குடுத்தாச்சு அம்மிணி. முறையா எழுதணுமாமே, மாப்பிள்ளை சொன்னாரு." மாப்பிள்ளை என்றது தங்கச்சி வீட்டுக்காரர் லோகநாதனை. ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.

"ஆமாங்க. மாற்றுப் பத்திரம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, உங்க போர்டு ஒப்புதல் குடுத்து, பதிவேட்டுல ஏத்தணும்."

டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "எழுதாம அப்படியே விட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"எழுதாம விட்டா ஷேர் உங்க பேர்லயேதாங்க இருக்கும். மைக்குல சொன்னது கணக்குல வராது. அரைகுறையா நிக்கும். நாளைக்கு ஏதாவது பிரச்சனை வரும்."

"என்ன பிரச்சனை வரும்?"

"அரைகுறையா இருந்தாலே பிரச்சனைதானுங்க."

அவர் என்னையே பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். ஆடிட்டர் சாருக்கு போன் செய்தேன். ஆடிட் நேரம், அவர் ஈரோட்டில் இருந்தார். "பார்ட்டி என்ன சொல்றாரோ அதைச் செய் சிந்துஜா, பேப்பர் மட்டும் க்ளீனா இருக்கணும்," என்றார். நான் ஐயாவிடம், "யோசிச்சுக்கங்க ஐயா," என்றும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். காதில் விழுந்திருக்கும்.

"சரி, எழுது," என்றார்.

கோகிலவாணி அக்கா கையெழுத்தும் வேண்டும், அவர் டைரக்டர். மறுநாள் வந்தார். இந்த பெஞ்சின் இந்த ஓரத்தில் அவர், அந்த ஓரத்தில் ஐயா. நடுவில் ஒரு ஆள் உட்காரலாம்.

"நான் போடலைன்னா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"நீங்க போடலைன்னா போர்டு ஒப்புதல் ஆகாதுங்க. ஷேர் மாறாது."

அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஐயாவைப் பார்த்தார். ஐயா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மைக்குல சொல்லிட்டு வந்த ஆம்பளை மூஞ்சி," என்று முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் நான் குறி வைத்திருந்தேன், அதனால் ஒன்றும் தப்பாகவில்லை. லோகநாதன் சார் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டார். "புள்ளைக்கு வர்றதை வேண்டாங்க முடியுமா," என்று சொல்லிக்கொண்டே போட்டார். லேமினேஷன் செய்த பழைய சர்ட்டிபிகேட்டை ரத்து செய்து, தர்ஷனா பெயரில் புதிதாக ஒன்று அச்சடித்தேன். சீருக்குப் போனதென்பதால் பார்டரைக் கொஞ்சம் அழகாகப் போட்டேன்.

பேங்கில்தான் முதலில் நின்றது.

மேனேஜர் நல்ல மனுஷர். கம்பெனி பேப்பரைப் புரட்டினார். பெரிய பங்கு வைத்திருக்கும் எல்லோரும் லோனுக்கு ஜாமீன் போட வேண்டும் என்றார். பாதி கோகிலவாணி, சரி. மீதிப் பாதி யார்? ஏழாம் வகுப்பு.

"இந்தம்மா ஸ்கூல் விட்டு எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று மேனேஜர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. மைனர் ஜாமீன் போட முடியாது. அப்பா போடுவாரா? லோகநாதன் சார், "நான் அரசாங்க ஊழியனுங்க, லோன்ல எல்லாம் கையெழுத்துப் போட்டா பதில் சொல்லி மாளாது," என்று ஒதுங்கிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பாதியை மறுபடி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே லோன் தருகிறேன் என்றார் மேனேஜர்.

பிறகு எல்லோரும் இங்கே வந்தார்கள். இந்தச் சின்ன ரூமில் ஐயா, அக்கா, லோகநாதன் சார், மலர்க்கொடி அக்கா, பள்ளிக்கூடச் சீருடையில் தர்ஷனா. ஆடிட்டர் சார் அன்றைக்கு இருந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க பாதிக் கம்பெனி," என்றார் லோகநாதன் சார். "மச்சான் எடுத்துக்கட்டும். எங்க போடணும் சொல்லுங்க, போடறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் முடியாது என்று அர்த்தம். "அது உங்களது இல்லையே. குழந்தையோட சொத்து. அதைச் சும்மா தூக்கிக் குடுக்க அப்பாவுக்கு உரிமை இல்லை. நாளைக்குப் பெரியவளானதும் செல்லாதுன்னு கேஸ் போடலாம். எந்த பேங்கும் ஒத்துக்காது. வேணும்னா விக்கலாம். நியாயமான விலைக்கு. அந்தப் பணம் குழந்தை பேர்ல பேங்கில இருக்கணும்."

"என்ன வெலைங்க?" என்றார் ஐயா.

விலை போடுவதில்தான் விஷயம் இருந்தது. அந்தப் பெரிய ஆர்டர் கையில் இருப்பதால் கம்பெனியின் மதிப்பு ஏறியிருந்தது. அவர் ஓடி ஓடிப் பிடித்த ஆர்டர்தான். அதனால்தான் அவரால் வாங்க முடியாத விலை.

அதற்குள் மலர்க்கொடி அக்கா பேசினார். "விக்கறதெல்லாம் வேண்டாம்ணா. பொறந்த வீட்டுச் சீரை வித்துத் தின்னேன்னு பேரெடுக்கவா? எம்பொண்ணுக்கு ஆகுமா அது? நீ சும்மா எடுத்துக்க. காசுன்னு பேச்சு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும், அண்ணா. சட்டம் விற்கலாம், சும்மா கொடுக்கக் கூடாது என்கிறது. மலர்க்கொடி அக்கா சும்மா கொடுக்கிறேன், விற்க மாட்டேன் என்கிறார். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அந்த ரூமில் கெட்டவர் என்று யாருமே இல்லை. எல்லோரும் திருப்பிக் கொடுக்கத் தயார், வாங்கிக்கொள்ள ஐயாவும் தயார். ஆனால் நடுவில் அது நகரவில்லை.

"நான் சைன் பண்றேன் மாமா," என்றாள் தர்ஷனா. "எனக்கு நல்லா சைன் பண்ண வரும்."

"உன் கையெழுத்து இப்போ செல்லாது கண்ணு," என்றார் சார். "பதினெட்டு ஆகணும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. ஐயா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கோர்ட்டில் அனுமதி கேட்கலாமா என்று பேசினார்கள். கேட்கலாம், மூன்று மழைக்காலம் போய்விடும் என்றார் சார். புதிதாக இன்னொரு கம்பெனி தொடங்கலாமா? தொடங்கலாம், ஆனால் ஆர்டர் இந்தக் கம்பெனி பெயரில், மெஷின் முன்பணத்தையும் இந்தக் கம்பெனி பெயருக்கு மாற்றியாகிவிட்டது. ஏற்றுமதிக்காரரிடம் போன் செய்து கேட்டார்கள். புதுக் கம்பெனி என்றால் எல்லாச் சரிபார்ப்பும் முதலிலிருந்து, அதுவரை காத்திருக்க மாட்டோம் என்றார்கள்.

அப்போதுதான் கோகிலவாணி அக்கா வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். உங்க பாதியைக் குடுத்துட்டீங்க. மிச்சம் இருக்கறது எம்பாதி. அப்ப இந்தக் கம்பெனியில உங்களுக்கு என்ன இருக்குது?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் பெயரில் ஒரு ஷேர்கூட இல்லை. டைரக்டர் என்று மட்டும்தான் இருந்தது. "டைரக்டரா இருக்கீங்கய்யா," என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"உங்க பாதியில கொஞ்சம் மச்சான் பேருக்கு எழுதிக் குடுக்க வேண்டியதுதானே," என்றார் லோகநாதன் சார் அக்காவிடம்.

"எழுதிக் குடுத்தா அடுத்த சீருக்கு அதுவும் தட்டுல ஏறும்," என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் நல்ல மழை. நம் பக்கம் அப்படி ஒரு மழை பெய்து ரொம்ப நாளாகியிருந்தது, ஊரே சந்தோஷமாக இருந்தது. அட்டை காயவில்லை. முதல் லோடு பாதிதான் போனது. இரண்டாவது லோடு போகவில்லை. ஏற்றுமதிக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மெஷின் கம்பெனிக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான் படித்துப் பார்த்தேன்.

ஐயா இப்போதும் அட்டை போடுகிறார். பழையபடி தன் பெயரில், வெயிலில், இருக்கிற கடைகளுக்கு. ஷெட்டில் முன்பு இருந்த ஆட்களில் பாதிப் பேர் ரிக் வண்டிக்குப் போய்விட்டார்கள், அண்ணனிடம். பொங்கியண்ணன் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "கம்பெனியையே சீரா வச்சவன் எந்தம்பி," என்று பெருமையாகத்தான் சொல்கிறாராம். அதைக் கேட்கிற இடத்துக்கெல்லாம் ஐயா போவதை நிறுத்திவிட்டார்.

கம்பெனி இருக்கிறது. வேலை இல்லாவிட்டாலும் வருஷாவருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மூடலாமே என்றால், அதற்கும் பங்குதாரர்களில் பெரும்பங்கினர் சம்மதிக்க வேண்டும். பாதிப் பங்குதாரர் இப்போது எட்டாவது படிக்கிறாள். லோகநாதன் சாரிடம் கேட்டதற்கு, குழந்தை சொத்தை மூடினேன் என்று நாளைக்குக் கேள்வி வராதா என்கிறார். அதனால் ஐயா வருகிறார், நான் பென்சிலில் குறி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார், போகிறார். பேசுவது குறைந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். நான் சட்டம் எழுதவில்லை. மைக்கில் பேசவும் சொல்லவில்லை. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளதைத்தான் சொன்னேன். ஒன்றுகூட மறைக்கவில்லை.

நீங்கள் தம்பிக்கு எவ்வளவு ஷேர் என்று வீட்டில் பேசிக்கொண்டு வாருங்கள். தம்பி மனைவியையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மற்ற பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

போன மாதம் கோகிலவாணி அக்கா மட்டும் வந்தார். இதே மாதிரி சார் இல்லாத நேரம். சார் எப்போதோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், அந்த மாற்றுப் பத்திரத்தில் முக்கியமான குறை ஏதாவது இருந்திருந்தால் அது செல்லாமல் போய், ஷேர் தானாக ஐயாவிடமே இருந்திருக்கும் என்று. அதை அக்கா மனதில் வைத்திருந்தார்.

"அம்மிணி, அன்னிக்கு எழுதுனதுல ஏதாச்சும் ஒரு தப்பு இருக்காதா?" என்றார். "நீயும் அப்பப் புதுசுதானே. ஒரு சின்னத் தப்பு. ஒரு கையெழுத்து மாறியிருந்தாக்கூடப் போதுமாமே."

"இருங்கக்கா, பாத்துச் சொல்றேன்," என்றேன். அவர் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைலை எடுத்து ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். ஸ்டாம்ப் சரியான அளவுக்கு ஒட்டி, மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி முறைப்படி குறுக்கே கோடு போட்டிருந்தது. தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. கொடுப்பவர் கையெழுத்து, கார்டியன் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, சாட்சியின் முகவரி, எல்லாம் இருந்தன. போர்டு தீர்மானத்தில் இரண்டு டைரக்டரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பதிவேட்டில் பெயர், வயது, அப்பா பெயர், ஷேர் எண் என்று ஒரு அடித்தல் திருத்தம் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டதற்காக இன்னொரு முறையும் பார்த்தேன்.

எங்கேயும் ஒரு தப்பு இல்லை.